துவைக்க முடியாத தொட்டில் குவில்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் பழைய குழந்தைக் குவில்ட்டைச் சீர்செய்த விவரம் இது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்ட விரிப்புதான் குவில்ட். நான் பழந்துணி சீரமைப்பு வேலை செய்கிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

பின்னணி

கணவர் அமெரிக்கர், அவருடைய அம்மாவழிக் குடும்பம் மிசூரியில் விவசாயம் செய்த குடும்பம். மனைவி கோயம்புத்தூர்க்காரர். என்னிடம் வந்தபோது அவருக்கு ஏழு மாதம்.

குவில்ட்டைத் தைத்தவர் கணவரின் கொள்ளுப்பாட்டி. 1938இல் பிறந்த தன் முதல் பெண் குழந்தைக்காகத் தைத்தது என்று வீட்டில் சொல்லிவந்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, தன் மகளை இதே குவில்ட்டில் தூங்கவைத்தார். அந்த மகள் தன் மகனை. அந்த மகன்தான் இப்போது இதைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். நடுவில் பல வருடம் மிசூரி வீட்டில் தேவதாரு மரப்பெட்டி ஒன்றில் மடித்தபடியே கிடந்திருக்கிறது.

அவர்கள் கேட்டது மூன்று: கிழிசலைச் சரிசெய்ய வேண்டும், கறை போகத் துவைக்க வேண்டும், பிறக்கப்போகும் குழந்தையின் தொட்டிலில் போட வேண்டும். அதோடு, "இது எங்கள் பேரக்குழந்தைகளுக்கும் போய்ச் சேரணும் அக்கா" என்றார் அந்தப் பெண். மூன்றாவது கோரிக்கையும் இந்தக் கடைசி ஆசையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதை அன்றே சொல்லாமல், முதலில் துணியைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

மேசையில் விரித்தபோது

ஏறத்தாழ 36 அங்குல அகலம், 45 அங்குல நீளம். மூன்றுக்கு நான்காகப் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் நிற்கும் ஒரு சிறுமி. முகத்தை முழுக்க மறைக்கும் வெயில் தொப்பி, பூப்போட்ட கவுன், ஒரு கை, சின்னதாக ஒரு ஷூ. அமெரிக்கக் குவில்ட்டுகளில் இந்தச் சிறுமிக்கு 'சன்பானட் சூ' என்று பெயர். டெக்சாஸ் பக்கம் 'டச்சு டால்' என்பார்கள். 1900களின் தொடக்கத்தில் பெர்த்தா கார்பெட் என்ற ஓவியர் வரைந்த தொப்பிக் குழந்தைகள் பிரபலமான பிறகு, இந்த உருவம் தையல்காரப் பெண்களின் கையில் பல விதமாகப் பரவியது. 1920கள், 30களில் குழந்தைகளுக்கென்று தைத்தவற்றில் இது மிகச் சாதாரணம்.

கட்டங்களுக்கு நடுவே ஓடும் பட்டைகள் வெளிர்பச்சை. அந்த ஒரு நிறத்தைப் பார்த்தாலே 1930கள் என்று பாதி முடிவுக்கு வந்துவிடலாம்; அந்தப் பத்தாண்டில் அந்தப் பச்சையைத் தொடாத வீடு குறைவு. மீதிச் சான்று அடித்துணியில் இருந்தது. அது கடையில் கெஜக்கணக்கில் வாங்கிய துணி அல்ல, பிரித்த சாக்குத் துணி. நம்மூர்க் காடாத் துணி மாதிரி சற்றே முரடான நெசவு. ஓர் ஓரத்தில் ஒரே இடைவெளியில் வரிசையாகத் துளைகள். சாக்கின் வாயை மூட மில்லில் போட்ட சங்கிலித் தையலின் தடம் அது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வெளிறிய நீல எழுத்துகளின் நிழலும் தெரிந்தது.

அந்தக் காலத்தில் மாவு, கோழித்தீவனம், சர்க்கரை எல்லாம் பருத்திச் சாக்கில்தான் வந்தன. நூறு பவுண்டு சாக்கு ஒன்றைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று அதிகமாகத் துணி தேறும். பெண்கள் அதில் உடுப்பு தைக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆலைக்காரர்கள் பூப்போட்ட சாக்குகளையே விற்பனைக்கு விட்டார்கள். 1929க்குப் பிந்தைய பொருளாதார மந்த காலத்தில் அது பெரிய வியாபாரம். அச்சடித்த பெயர் போவதற்கு பன்றிக்கொழுப்போ மண்ணெண்ணெயோ தடவி இரவு முழுக்க ஊறவைத்துத் துவைப்பார்கள். இந்த வீட்டில் அது முழுதாகப் போகவில்லை. பன்னிரண்டு கவுன்களில் குறைந்தது எட்டு, சாக்குத் துணியாகத்தான் இருக்க வேண்டும். நெசவு அப்படியே பொருந்தியது.

வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் பஞ்சில் கரும்புள்ளிகள். "விதை இருந்தால் பஞ்சிலிருந்து விதை நீக்கும் இயந்திரம் வருவதற்கு முந்தியது என்று படித்தேனே, அப்படியானால் இது இன்னும் பழசா?" என்று கணவர் ஆவலோடு கேட்டார். குவில்ட் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற கதை இது. விதை நீக்கும் இயந்திரம் வந்தது 1790களில். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் மலிவான பஞ்சுத் தகடுகளில் விதைத் தூளும் இலைத் தூளும் இருந்தன. புள்ளிகள் சொல்வது விலையை; வயதை அல்ல.

சேதம் நான்கு வகை:

மேல் விளிம்புப் பட்டி முழுக்க இற்றுப்போய்ப் பஞ்சு வெளியே தெரிந்தது. குழந்தையின் முகவாய்ப் பக்கம் வருவது அந்த விளிம்புதான். உமிழ்நீரும் கையும் தேய்த்துத் தேய்த்துப் போயிருக்கிறது. மூன்று கவுன்கள் நைந்து, குறுக்கே ஓடும் ஊடை நூல் போய், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும் நின்றது. அதில் இரண்டில் ஓட்டை. ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் கறுப்பு நூலில் காஜா தையல் போட்டிருந்தார்கள். அது பல இடத்தில் தொட்டாலே பொடியாக உதிர்ந்தது, பக்கத்திலிருந்த வெள்ளை ஓட்டுத் தையலோ திடமாக இருந்தது. ஒரே கை, ஒரே வருடம் போட்ட தையல்கள், சாயம்தான் வித்தியாசம். கந்தகத்தை அடிப்படையாகக் கொண்ட கறுப்புச் சாயங்கள் பருத்தி நூலில் நாள்பட அமிலத்தை உண்டாக்கி அதை உள்ளிருந்தே அரிக்கும். நான்காவது, ஒரு மூலையில் பழுப்பு நீர்க்கறையும், மடிப்புகளில் மரப்பெட்டியின் பலகை பட்ட இடங்களில் நீளக் கோடுகளும்.

இது போக, கீழ் வரிசையில் ஒரு கவுனின் மேல் பாலியஸ்டர் கலந்த ஆரஞ்சுத் துணியை மெஷினில் ஜிக்ஜாக் தையலால் ஒட்டியிருந்தார்கள். மற்றப் பதினொன்றுக்கு நடுவே அது மட்டும் கண்ணைக் குத்தியது. அதைப் பிரித்துவிட வேண்டும் என்பதில் தம்பதி இருவருக்கும் ஒரே கருத்து.

சாயச் சோதனை

துவைக்கலாமா என்பதை இந்தச் சோதனைதான் தீர்மானிக்கும். ஒவ்வொரு நிறத்திலும் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒரு துளி காய்ச்சி வடித்த நீர் விட்டு, சற்றுப் பொறுத்து, வெள்ளை ஒற்றுத்தாளை வைத்து, அதன் மேல் பாரம் ஏற்றி அழுத்தினோம். பிறகு அதே சோதனை, மிதமான சோப்புக் கரைசலில். நூல்களுக்கும் தனியே செய்ய வேண்டும். துணியை மட்டும் பார்த்துவிட்டு நூலை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பச்சைப் பட்டைகள், நீலம், மஞ்சள், ஊதா எல்லாம் தாங்கின. மேல் வரிசையின் சிவப்புக் கவுன் வெறும் நீரில் அசையவில்லை. சோப்புக் கரைசலில் ஒற்றுத்தாள் இளஞ்சிவப்பானது. கறுப்பு நூல் வெறும் நீரிலேயே சாம்பல் நிறத்தில் கசிந்தது. அந்த நூல் பன்னிரண்டு கட்டங்களிலும் வெள்ளைத் துணியை ஒட்டி ஓடுகிறது. நீரில் முக்கினால் பன்னிரண்டு சிறுமிகளையும் சுற்றி அழுக்கு வளையம் நிற்கும். அதை எடுக்க வழியே கிடையாது.

ஆகவே துவைப்பதில்லை என்று முடிவு. கறை மூலையை மட்டும் நனைத்து எடுக்கலாமே என்ற யோசனையும் வந்தது. நனைத்த இடம் காயும்போது அழுக்கு அதன் விளிம்புக்கு நகர்ந்து புதிதாக ஒரு கோடு போடும். அதனால் அதையும் விட்டுவிட்டோம். மென்மையான வலையை மேலே விரித்து, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்த வாக்குவம் கிளீனரால் இரண்டு பக்கமும் தூசி எடுத்ததோடு சுத்தம் செய்யும் வேலை முடிந்தது. ஆக்ஸிஜன் பிளீச் பொடியைத் தொட்டியில் கலந்து ஊறவைக்கலாமா என்று கணவர் ஏற்கெனவே யோசித்திருக்கிறார். நல்லவேளை, யோசனையோடு நின்றது.

இனி இதற்கு என்ன வேலை

துவைக்க முடியாது என்றதும் மற்றக் கேள்விகள் தானாக வரிசைக்கு வந்தன. பிரசவத்துக்காகக் கோவையிலிருந்து வந்திருந்த பெண்ணின் அம்மாதான் அதை முதலில் சொன்னார்: "ஏனுங் அம்மிணி, பச்சப்புள்ள மேல போடற துணிய வெந்நீர்ல அலசாம, வெயில்ல காய வெக்காம போடுவாங்களா?" அவர் பக்கம் நியாயம் இருந்தது. எண்பது வருட மரப்பெட்டித் தூசியும் உதிரும் கறுப்புச் சாயமும் உள்ள துணி பிறந்த குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவர் சொல்லும் வெந்நீரும் வெயிலும் இந்தத் துணிக்கு எமன். இரண்டும் உண்மை என்றால், இந்தத் துணிக்கும் குழந்தைக்கும் நேரடி உறவு வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

வேறொரு காரணமும் உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் குவில்ட், தலையணை, தளர்ந்த போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். மூச்சுத் திணறல் ஆபத்து. துவைத்துப் புதிது போல ஆக்கியிருந்தாலும் தொட்டிலில் போட நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

எனவே இரண்டாகப் பிரித்தோம். பழையது பாதுகாக்கும் பொருள்; சேதம் மேலும் பரவாமல் நிறுத்துவது மட்டுமே அதில் வேலை. குழந்தை உருண்டு புரளப் புதிதாக ஒன்று தைப்பது. பழையதை மறுபடி புழங்குகிற துணியாக மாற்றுவதென்றால் பட்டி, மூன்று கவுன், எல்லாக் காஜா தையல், பஞ்சின் ஒரு பகுதி எல்லாம் புதிதாக வேண்டும்; கொள்ளுப்பாட்டி தைத்ததில் மிச்சம் என்ன இருக்கும் என்று கணவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் ஒத்துக்கொண்டார்.

சேதத்தை நிறுத்திய விதம்

எதையும் வெட்டி எடுப்பதில்லை. போடுவது எதுவானாலும் பிற்பாடு பிரிக்க முடிய வேண்டும். இந்த இரண்டைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

மேல் விளிம்பில் இற்றுப்போன பட்டியை அப்படியே விட்டு, அதன் மேல் புதிய பருத்திப் பட்டியை மடித்துப் போர்த்திக் கைத்தையலால் பிடித்தோம். பழைய பச்சையைவிடப் புதியது ஒரு பிடி மங்கலாக இருக்கும்படித் தேர்ந்தெடுத்தோம். பக்கத்தில் வந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிய வேண்டும், அறையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியத் தேவையில்லை.

ஓட்டையான இரண்டு கவுன்களில் கிழிசல் வழியாகவே மெல்லிய மல் துணியைச் செருகி, மேல்துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே பரப்பினோம். தளர்ந்து நிற்கும் பாவு நூல்களை ஒவ்வொன்றாக நேராக்கி, மெல்லிய பட்டு நூலால் குறுக்கே அங்கங்கே அழுத்திப் பிடித்தோம். இந்த வேலையில் ஊசி துணியைத் துளைக்கக் கூடாது. இரண்டு நூலுக்கு நடுவே உள்ள சந்துக்குள் நுழைய வேண்டும். எண்பது வருட நூலை ஊசி குத்தினால் அங்கேயே அறுந்துவிடும். மூன்று கவுன்களின் மேலும், நிறத்துக்கேற்பச் சாயமேற்றிய மெல்லிய நைலான் வலைத்துணியைப் போர்த்தி, உருவத்துக்கு வெளியே இருந்த திடமான வெள்ளைத் துணியில் தைத்தோம். வலை போட்டால் பூக்கள் சற்றே மங்கும். அதைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் தைத்தோம்.

காஜா தையலைத் திரும்பப் போடவில்லை. அந்தப் பெண்ணுக்கு இது ஏமாற்றம். அந்தக் கறுப்புக் கோடுகள்தான் படத்துக்கு அழகே என்றார், அது சரிதான். ஆனால் புதிய கறுப்பு நூலின் அடர்த்திக்குப் பக்கத்தில் மீதமுள்ள பழைய நூல் செத்துப்போய்த் தெரியும், புது நூலை இழுக்கும்போது பழையது உதிரும். நூல் போன இடங்களில் உருவத்தின் ஓரம் தூக்காமல் இருக்க, துணியின் நிறத்திலேயே ஹெம்மிங் போட்டதோடு சரி. அறுந்த ஓட்டுத் தையல்களை மட்டும் பழைய ஊசித்துளைகள் வழியாகவே மறுபடி ஓட்டினோம்.

ஆரஞ்சு ஒட்டு அங்கேயே இருக்கிறது. அதைப் பிரித்தால் ஜிக்ஜாக்கின் நெருக்கமான துளைகளால் அடியில் உள்ள பழைய கவுன், அஞ்சல்தலை ஓரம் போலக் கிழிந்து வந்துவிடும்; பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டியதும் கணவருக்கு விளங்கியது. பின்னால் அவருடைய அம்மாவிடம் தொலைபேசியில் பேசினார்கள். அந்தத் துணி அவருக்கு நினைவில்லை, ஆனால் தையல் யாருடையது என்று தெரிந்திருந்தது. 1960களில் தன் அம்மா ஒரு ஜிக்ஜாக் மெஷின் வாங்கிய புதிதில், வீட்டில் கிழிந்த எதையும் விட்டுவைக்கவில்லையாம். அதாவது, இந்தக் குவில்ட் யாருக்காகத் தைக்கப்பட்டதோ அந்தக் குழந்தையே போட்ட ஒட்டு. அதற்குப் பிறகு ஆரஞ்சைப் பற்றி யாரும் பேசவில்லை.

புதியது

1930களின் பூக்களை அப்படியே மறு அச்சிட்ட பருத்தித் துணிகள் அமெரிக்காவில் சுலபமாகக் கிடைக்கின்றன. பழைய உருவத்தைத் தாளில் படியெடுத்து, அதே அளவில் பன்னிரண்டு கட்டங்கள் தைத்தோம். இதில் கறுப்புக் காஜா தையல் முழுசாக உண்டு. நூலைச் சோதித்துவிட்டுத்தான் போட்டோம்.

அடித்துணிக்குக் கோவை அம்மா தன் பழைய சின்னாளபட்டிச் சுங்குடிப் புடவையைக் கொடுத்தார். பல வருடம் உடுத்தி வெண்ணெய் மாதிரி ஆகிவிட்ட துணி. ஆனால் வெந்நீர்ச் சோதனையில் மெரூன் சாயம் இன்னும் போய்க்கொண்டே இருந்தது. மேலே வெள்ளைக் கட்டங்கள் இருக்கும் ஒரு குவில்ட்டுக்கு அது ஆகாது. "இத்தன வருசம் தொவச்சும் போகாத சாயம் இப்பப் போகுதா!" என்று அவருக்குக் கோபம். அப்புறம் அவரே தன் வீட்டுக்காரரின் வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பச்சைக் குழந்தையைப் பழைய வேட்டியில் கிடத்துவது அவருக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம்.

பெட்டியும் அந்துருண்டையும்

மரப்பெட்டிக்குத் திரும்ப அனுப்புவதில்லை என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பழுப்புக் கோடுகளைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவியும் எண்ணெயும் பருத்தியைப் பழுக்கவைக்கும். துவைத்த மல் துணி சுற்றிய, அமிலமில்லாத அட்டைக் குழலில் குவில்ட்டைச் சுருட்டி, மேலே இன்னொரு மல் துணியைப் போர்த்தி, படுக்கையறை அலமாரியில் வைத்தார்கள். நிலவறையும் பரணும் வேண்டாம் என்றேன். ஒன்றில் ஈரம், மற்றதில் வெக்கை.

அந்துருண்டை போட வேண்டும் என்று கோவை அம்மா பிடிவாதமாக இருந்தார். துணிப்பூச்சி தின்பது கம்பளியையும் பட்டையும். கஞ்சியில்லாத சுத்தமான பருத்தியில் அதற்குத் தீனி இல்லை. அதைவிட முக்கியம், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நாப்தலீன் ஆவி ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியது. பிறந்த குழந்தை இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம் என்று சொன்னதும் விட்டுவிட்டார்.

சுவரில் மாட்டலாமா என்றும் கேட்டார்கள். மாட்டினால் முழு எடையும் தொங்குவது மேல் விளிம்பில். இங்கே மிகப் பலவீனமானதே அதுதான். பஞ்சு வைத்த பலகையில் தைத்துச் சட்டமிடலாம். செலவைக் கேட்டுத் தள்ளிப்போட்டார்கள்.

பிறகு நடந்தது

பெண் குழந்தை. புதிய குவில்ட் பகலில் தரையில் விரிப்பாகவும், பெரியவர்கள் கண்முன் வண்டியில் போர்த்தவும் பயன்பட்டது. வாரம் தவறாமல் மெஷினில் போனது. வேட்டிப் பக்கம் சீக்கிரமே நைய ஆரம்பித்துவிட்டது. அதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை. கிழிந்தால் வேறொரு வேட்டி போடலாம்.

முதல் பிறந்தநாளன்று பழையதை மேசையில் விரித்து, குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படமெடுத்திருக்கிறார்கள். குழந்தை எட்டிச் சிவப்புக் கவுனின் வலையைப் பிடித்து இழுத்ததில் ஓரத் தையல் விட்டுப்போனது. வலையின் தையல் வெளித்துணியில் இருந்ததால் கவுனுக்குச் சேதமில்லை. அந்த ஓரத்தை மறுபடி தைத்துக் கொடுத்தேன்.

நீர்க்கறை அப்படியே இருக்கிறது. படங்களில் அந்த மூலையை மடித்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு செலவு செய்தும் கறை போகவில்லையே என்ற மனக்குறை கணவருக்கு இன்னும் கொஞ்சம் உண்டு.

இன்னொரு முறை என்றால்

"இதை என்ன செய்யப்போகிறீர்கள்" என்ற கேள்வியை முதல் தொலைபேசிப் பேச்சிலேயே வைப்பேன். தொட்டிலில் இந்தக் குவில்ட் கிடக்கும் காட்சியை மனதில் ஒரு மாதம் வளர்த்துக்கொண்டு வருபவர்களிடம் அது முடியாது என்று சொல்வது கடினம், கேட்பது அதைவிடக் கடினம்.

வீட்டின் மூத்தவரிடம் துணியைப் பற்றிப் பேசுவது வேலையைத் திட்டமிடும் முன்பே நடக்க வேண்டும். இந்த முறை ஆரஞ்சு ஒட்டு தப்பியது துளைகளால். அது பிரிக்கச் சுலபமான தையலாக இருந்திருந்தால், மிசூரியிலிருந்து தகவல் வருமுன் போயிருக்கும்.

வலைத்துணியின் நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். அவர்கள் வீட்டின் மஞ்சள் விளக்கில் நீலக் கவுனின் வலை சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது. மாதிரித் துண்டுகளை வீட்டுக்கே கொடுத்தனுப்பி அங்கே பார்க்கச் சொல்வதே சரி.

ஆவணக் கோப்பு மட்டும் இப்போது செய்தபடியே தொடரும். எந்தக் கட்டத்தில் எந்தத் துணி, எந்த நூல் என்ற வரைபடம், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், சாயச் சோதனைத் தாள்கள், வலையைப் பிரிக்க வேண்டி வந்தால் எந்தத் தையலை முதலில் வெட்ட வேண்டும் என்ற குறிப்பு, எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு பிரதி குழலோடு அலமாரியில், இன்னொன்று மிசூரியில் கணவரின் அம்மாவிடம்.